தாங்கவும் தெரிய வேண்டும், கையெடுக்கவும் தெரிய வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காலத்தில் நம் வீடுகளில் நடைவண்டி இருந்தது. மூன்று மரச் சக்கரங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. அவ்வளவுதான். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தள்ளினால் வண்டி நகரும். குழந்தை நின்றுவிட்டால் வண்டியும் நின்றுவிடும். தடுமாறும்போது பிடித்துக்கொள்ள அது கைகொடுக்குமே தவிர, குழந்தைக்குப் பதிலாக அது நடக்காது. நடக்க வேண்டியது குழந்தைதான்.

இன்று நான் உங்களிடம் பேச வந்திருப்பதும் ஒரு நடைவண்டியைப் பற்றித்தான். ஆனால் இது பல லட்சம் வெள்ளி விலையுள்ள நடைவண்டி. இதில் மோட்டார் இருக்கிறது, கணினி இருக்கிறது. இதை எக்ஸோஸ்கெலிட்டன் என்கிறார்கள். நண்டுக்கும் இறாலுக்கும் தாங்கும் கூடு உடம்புக்கு வெளியே ஓடாக இருக்கிறது அல்லவா? அதுபோல மனிதனின் இடுப்புக்கும் கால்களுக்கும் வெளியே மாட்டப்படும் இயந்திரக் கூடு இது. நமக்குப் புரியும்படி நடைக்கவசம் என்று வைத்துக்கொள்வோம்.

பக்கவாதத்தால் கால் விழுந்தவர்களுக்கும், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும் இந்தக் கவசம் நடைப்பயிற்சி தருகிறது. நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. மலாக்காவில் உள்ள சொக்சோ மறுவாழ்வு மையத்தில் ஜப்பானின் ஹால் கவசம் பயன்பாட்டில் இருப்பதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்கலாம்.

இந்த இயந்திரம் நடக்க வைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நான் இன்று கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அது எவ்வளவு உதவ வேண்டும்? யார் அதை முடிவு செய்வது?

நான் செய்த தவறு

இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் சிகிச்சைக்கு வந்தார். லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை, வலது கால் இரண்டும் செயலிழந்திருந்தன. வீட்டில் மனைவி, இரண்டு மகள்கள். சிகிச்சை நாள் தவறாமல் மூவரும் கூடவே வருவார்கள்.

அவரை இயந்திரத்தில் நிறுத்தினோம். மேலே வார்ப்பட்டை அவர் எடையில் ஒரு பங்கைத் தாங்கும். கீழே ஓடுபட்டை நகரும். கவசம் கால்களை எடுத்து எடுத்து வைக்கும். இயந்திரம் கொடுக்கும் உதவியைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் ஓர் அளவுகோல் உண்டு. நான் அதை முழு அளவில் வைத்தேன். நடை அழகாக வந்தது. மனைவி கண்ணீர் விட்டார். மகள்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாரங்கள் ஓடின. அளவுகோல் அதே இடத்தில் நின்றது. நடந்த அடிகளின் எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள் கவசத்தைக் கழற்றும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் நடக்கலம்மா. அதுதான் என்னை நடத்துது."

நான் திடுக்கிட்டேன். அவரைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி ஓர் அடி வைக்கச் சொன்னேன். வலது கால் தரையை விட்டு எழும்பவில்லை. அத்தனை வாரங்கள், ஆயிரக்கணக்கான அடிகள். அவற்றில் அவருடைய அடிகள் எத்தனை? அந்தக் கேள்விக்கு என் அறிக்கையில் பதில் இல்லை. இயந்திரத்தில் பழுது இல்லை. அவருடைய முயற்சியிலும் குறை சொல்ல முடியாது. எவ்வளவு தாங்க வேண்டும் என்று முடிவு செய்த என்னிடம்தான் தவறு இருந்தது.

உடம்பு ஒரு சிக்கனக்காரன்

ஏன் இப்படி நடக்கிறது? நம் நரம்பு மண்டலம் பெரிய சிக்கனக்காரன். ஒரு வேலையை வேறு யாராவது செய்கிறார்கள் என்று தெரிந்தால், அது தன் பங்கைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளிக்கே தெரியாமல் நடப்பது இது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிட் ரெயின்கென்ஸ்மேயர் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டின. மனித உடம்பு ஒரே நேரத்தில் இரண்டைக் குறைக்கப் பார்க்கிறது. ஒன்று தவறு, மற்றொன்று உழைப்பு. தவறே நேராதபடி இயந்திரம் பார்த்துக்கொண்டால், குறைப்பதற்கு மிஞ்சியிருப்பது உழைப்பு ஒன்றுதான்.

இந்த இயந்திரங்கள் ஏன் வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஓடுபட்டையின் இருபுறமும் சிகிச்சையாளர்கள் குனிந்து உட்கார்ந்து, நோயாளியின் கால்களைக் கையால் தூக்கித் தூக்கி வைப்போம். சிறிது நேரத்திலேயே எங்கள் முதுகு ஒடிந்துவிடும். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் கெரி கொலம்போவும் அவர் குழுவினரும் உருவாக்கிய லோகோமாட் இயந்திரம், 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பாரத்தை எங்கள் முதுகிலிருந்து இறக்கி வைத்தது. களைப்பே தெரியாத ஓர் உதவியாளர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தோம்.

ஆனால் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை. களைத்துப்போகும் சிகிச்சையாளர், நோயாளி தன் காலைத் தானே தூக்க ஆரம்பித்ததும் தன் கையைத் தளர்த்திக்கொள்வார். களைக்காத இயந்திரம் தளர்த்தாது.

2008-இல் அமெரிக்காவில் ஹார்ன்பி குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பாருங்கள். பக்கவாதம் வந்து நாள்பட்ட 48 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு இயந்திரம் கால்களை நடத்தியது. மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சையாளர் கையால், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உதவினார். 12 முறை பயிற்சி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முடிவில் நடை வேகம் அதிகம் கூடியது சிகிச்சையாளர் கையால் உதவிய பிரிவினருக்குத்தான்.

அதற்கு முன்பே, 2006-இல், முதுகுத்தண்டு பாதி அடிபட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. இயந்திரத்தில் நடக்கும்போது அவர்கள் உடம்பு செலவிட்ட சக்தி, சிகிச்சையாளர் உதவியோடு நடக்கும்போது செலவானதைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் "உங்களால் முடிந்த மட்டும் முயற்சி செய்யுங்கள்" என்று சொன்னபோது அந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. பார்த்தீர்களா? மனிதனுக்குள் சக்தி இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

அதே ஆண்டில் கலிபோர்னியாவில் சுண்டெலிகளைக் கொண்டு இன்னொரு சோதனை நடந்தது. முதுகுத்தண்டு துண்டிக்கப்பட்ட எலிகளில் சிலவற்றின் கால்களை இயந்திரம் ஒரே பாதையில் இம்மி பிசகாமல் நடத்தியது. வேறு சிலவற்றுக்கு, கால் பாதையை விட்டு விலகும்போது மட்டும் உதவியது. கொஞ்சம் தவறு செய்ய இடம் கிடைத்த எலிகள்தான் நன்றாக நடக்கக் கற்றன. அடிக்கு அடி மாறுபாடு இருந்தால்தான் நரம்பு கற்றுக்கொள்கிறது.

இயந்திரத்துக்கு மறக்கக் கற்றுக்கொடுத்தார்கள்

பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. உதவியை எப்படி அளந்து கொடுப்பது என்று யோசித்தார்கள். இதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கவசத்தின் மூட்டுகளில் உணர்கருவிகள் இருக்கின்றன. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, பாதம் தரையில் அழுந்துகிறதா என்பதை அவை ஒரு நொடிக்குள் பலநூறு முறை கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கால் எங்கே இருக்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தவறு. அந்தத் தவறைக் கண்டதும் இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வழி, இரும்புப்பிடி. இம்மி விலகினாலும் காலை இழுத்துப் பாதையில் வைத்துவிடும். நான் அந்தப் பெரியவருக்கு வைத்தது இதைத்தான்.

இரண்டாம் வழி, வில் கம்பி. நோயாளியின் காலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஸ்பிரிங் ஒன்று இருப்பதுபோல மோட்டாரை இயக்குவது. சிறிது விலகினால் இலேசாக இழுக்கும். அதிகம் விலகினால் பலமாக இழுக்கும். அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை நாம் மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சிந்தனைக்கு 1985-இல் அடித்தளம் இட்டவர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நெவில் ஹோகன்.

மூன்றாம் வழி, வாய்க்கால். இந்தியாவில் பிறந்த சுனில் அகர்வால் என்ற பேராசிரியர், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினரோடு அலெக்ஸ் என்ற கவசத்தை உருவாக்கி 2009-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கணுக்கால் செல்ல வேண்டிய பாதையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரு கரைகள். கரைகளுக்குள் கால் தன்னிஷ்டம்போல் போகலாம். கரையைத் தாண்டினால் மட்டும் இயந்திரம் உள்ளே தள்ளும். வயலுக்குப் போகும் வாய்க்கால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதில்லை, வழிதான் காட்டுகிறது. அதுபோலத்தான் இதுவும்.

நான்காவது வழிதான் என் மனத்தில் தைத்தது. இயந்திரத்துக்கு மறக்கக் கற்றுக்கொடுப்பது. ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். இந்த அடியில் இயந்திரம் 50 பங்கு உதவியது. தவறு ஒன்றும் இல்லை. அப்படியானால் அடுத்த அடியில் அது 45 பங்குதான் தரும். அதற்கடுத்து 40 அல்லது 41. இப்படிக் குறைத்துக்கொண்டே வரும். கால் தடுமாறினால் உடனே சிறிது கூட்டும். தேறியதும் மறுபடியும் குறைக்கத் தொடங்கும். ரெயின்கென்ஸ்மேயர் குழுவினர் இதற்கு ஒரு விதி சொன்னார்கள். மனித உடம்பு தன் முயற்சியைக் குறைத்துக்கொள்ளும் வேகத்தைவிட, இயந்திரம் தன் உதவியைக் குறைக்கும் வேகம் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் இயந்திரத்தின் தலையில் வந்து விழும். மனிதன் பயணி ஆகிவிடுவான்.

ஹால் கவசம் இன்னொரு விதத்தில் வேலை செய்கிறது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கியது அது. காலை அசைக்க வேண்டும் என்று மூளை நினைத்ததும் தசைக்கு ஒரு மின்குறிப்பு வருகிறது. அதன் மெல்லிய சாயல் தோலின் மேலும் தெரியும். தோலில் ஒட்டிய கருவிகள் அதைப் படித்து மோட்டாருக்குச் சொல்கின்றன. மனிதன் நினைத்தால்தான் இயந்திரம் உதவும். 2015-இல் ஜப்பான் அரசு சில நரம்புத்தசை நோய்களுக்கு இதை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது.

முழுத் துணை தேவைப்படுவோரும் உண்டு

அப்படியென்றால் உதவியைக் குறைப்பதுதான் எல்லோருக்கும் நல்லதா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

முதுகுத்தண்டு முழுவதும் அறுபட்டவருக்குக் காலை அசைக்கச் சொல்லும் செய்தி கீழே போய்ச் சேர்வதே இல்லை. அவருக்கு இயந்திரம் முழுத் துணையாக இருப்பதுதான் நியாயம். இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர் என்ற பொறியாளர், 1997-இல் விபத்தில் கை கால்கள் செயலிழந்த பிறகு ரீவாக் என்ற கவசத்தை உருவாக்கினார். 2014-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. எழுந்து நின்று எதிரே இருப்பவர் கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவதன் மதிப்பு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத்தான் தெரியும். அங்கே "நீயே முயற்சி செய்" என்று சொல்வது அறியாமை.

பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், நடக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, வழக்கமான பிசியோதெரபியோடு இயந்திரப் பயிற்சியும் சேர்ந்தால் பலன் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இயந்திரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. உதவியை அவசரமாகக் குறைத்தால் நோயாளி விழுவார். ஒருமுறை விழுந்த பயம் மனத்தில் உட்கார்ந்துவிட்டால், கால் தேறிய பிறகும் அடி எடுத்து வைக்க விடாது. கூட்டுவதிலும் ஆபத்து, குறைப்பதிலும் ஆபத்து. அதனால்தான் இது அளவறிந்து செய்ய வேண்டிய காரியம்.

அந்த அளவும் ஆளுக்கு ஆள் மாறும். 2017-இல் ஸ்டீவ் காலின்ஸ் குழுவினர் செய்த ஆய்வில், உடல்நலமுள்ள 11 பேருக்குக் கணுக்காலில் கவசம் மாட்டினார்கள். அவர்கள் மூச்சை அளந்து, ஒவ்வொருவருக்கும் எந்த நேரத்தில், எவ்வளவு உந்துதல் தந்தால் களைப்பு குறைகிறது என்று இயந்திரமே தேடிக் கண்டுபிடித்தது. உந்துதல் தராத கவசத்தோடு நடப்பதைவிட, செலவான சக்தி சராசரியாக 24 விழுக்காடு குறைந்தது. அதைவிட முக்கியமான செய்தி, ஒருவருக்குப் பொருந்திய அளவு மற்றவருக்குப் பொருந்தவில்லை. ஒருவருடைய சட்டை இன்னொருவருக்குச் சேராததுபோலத்தான் இதுவும்.

இதில் ஒரு வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது. நாளெல்லாம் மாட்டிக்கொண்டு நடக்கும் கவசத்துக்குக் களைப்பைக் குறைப்பது வேலை. சிகிச்சைக்கான கவசத்துக்கோ, தகுந்த அளவு களைப்பைக் கொடுப்பதே வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டால், வசதியைச் சிகிச்சை என்று நினைத்துவிடுவோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் ஒருவர் இத்தகைய சிகிச்சையில் இருந்தால், எத்தனை அடி நடந்தார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மேலும் மூன்று கேள்விகளைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். இன்று இயந்திரம் எவ்வளவு உதவியது? சென்ற வாரத்தைவிட அது குறைந்திருக்கிறதா? இயந்திரத்துக்கு வெளியே, தரையில் நடக்கும் பயிற்சியும் நடக்கிறதா? இப்படிக் கேட்பதால் எங்களுக்குக் கோபம் வராது. என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால் அந்தப் பெரியவருக்கு எத்தனையோ வாரங்கள் மிச்சமாகியிருக்கும். ஆனால் அளவுகோலை நீங்களாகவே குறைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது பார்த்துப் பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டில் நாமும் சில நேரம் முழு அளவில் வைத்த இயந்திரமாகிவிடுகிறோம். அப்பா சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினால் ஓடிப்போய் நாமே போட்டுவிடுகிறோம். அம்மா நாற்காலியிலிருந்து எழ முயன்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம். பாசத்தால்தான் செய்கிறோம். ஆனால் அவர்கள் கைக்கும் காலுக்கும் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சியை நாமே பறித்துக்கொள்கிறோம். அடுத்த முறை பக்கத்தில் நில்லுங்கள். விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நில்லுங்கள். ஆனால் சற்றுப் பொறுங்கள்.

அந்தப் பெரியவரின் கதையை முடித்துவிடுகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அளவுகோலைச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். முதல் நாள் கால் இழுத்தது, நடை கோணியது. மிசின் கெட்டுவிட்டது என்று மகள்கள் பதறினார்கள். மனைவிக்கு என்மேல் கோபம். அவருக்கோ சட்டை நனைய வியர்த்துக் கொட்டியது. என்னிடம் வந்த பிறகு அவருக்கு வியர்த்தது அன்றுதான் முதல் முறை. பக்கவாதத்துக்குப் பிறகு நாள் கடந்துவிட்டதால், பழையபடி அவரால் லாரி ஓட்ட முடியவில்லை. ஆனால் சில மாதங்களில் ஊன்றுகோலோடு வீட்டு வாசல் கதவு வரை தானே நடந்து போய், காலைப் பத்திரிகையை எடுத்து வந்தார். மகள் அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அதில் நடை அழகாக இல்லை. வலது கால் இன்னும் இழுக்கத்தான் செய்தது. ஆனால் அதில் இருந்த அத்தனை அடிகளும் அவருடையவை.